சேதத்தை வைத்து இரண்டு டொர்னாடோக்களின் வலுவை ஒப்பிடுவது எப்படி?

டொர்னாடோ, அதாவது மேகத்திலிருந்து தரை வரை இறங்கும் சுழல்காற்று, கடந்துபோன பின் வீடு இருந்த இடத்தில் கான்கிரீட் தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சுவரில்லை, கூரையில்லை, உள்ளே இருந்த சாமான்களும் இல்லை. இப்படி ஒரு படத்தைப் பார்த்ததும் "இதைவிட வலுவான டொர்னாடோ இருக்க முடியாது" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மணிக்கு 266 கி.மீ. காற்றும் அந்தப் படத்தை உண்டாக்கலாம், 354 கி.மீ. காற்றும் உண்டாக்கலாம். இரண்டில் எது நடந்தது என்பதைத் தளத்தைச் சுற்றியுள்ளவற்றில்தான் தேட வேண்டும். எதை, எந்த வரிசையில் தேடுவது என்று பார்ப்போம்.

அளவுகோல் எதை அளக்கிறது

வானிலை ஆய்வாளர் டெட்சுயா ஃபுஜிட்டா சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, சேதத்தைப் பார்த்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடும் எஃப் அளவுகோலை 1971-ல் வெளியிட்டார். அதன் மேல்படியான எஃப்-5-க்கு அவர் வைத்த வேகம் மணிக்கு 419 முதல் 512 கி.மீ. வீடுகள் அதைவிட மிகக் குறைந்த காற்றிலேயே சிதைகின்றன என்பது பொறியாளர்களுக்குப் பின்னர் புரிந்தது. அதனால் அமெரிக்காவில் 2007 பிப்ரவரி 1 முதல் மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோல், அதாவது ஈஎஃப், நடைமுறைக்கு வந்தது. மூன்று விநாடிச் சராசரியான காற்றுவீச்சாகக் கணக்கிட்டால் ஈஎஃப்-3 என்பது 218–266 கி.மீ., ஈஎஃப்-4 என்பது 267–322 கி.மீ., அதற்கு மேல் போனால் ஈஎஃப்-5. கடைசி இரண்டு படிகளைத்தான் 'வன்மையான' டொர்னாடோ என்கிறார்கள்.

பழைய எஃப்-5-ஐயும் புதிய ஈஎஃப்-5-ஐயும் வேகத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். சேதத்தின் படி ஒன்றாக இருக்கும்படியும் வேகம் மட்டும் மாறும்படியும்தான் புதிய அளவுகோலை அமைத்தார்கள். 1999-ன் எஃப்-5 ஒன்றுக்கு எதிரே '512 கி.மீ.' என்றும், 2011-ன் ஈஎஃப்-5 ஒன்றுக்கு எதிரே '330 கி.மீ.' என்றும் போட்டு முந்தையது பெரிது என்று முடிவு கட்டினால், ஒப்பிட்டது இரண்டு காற்றுகளை அல்ல, இரண்டு அட்டவணைகளை.

ஈஎஃப் முறையில் 28 வகைச் சேதச் சுட்டிகள் உண்டு: வீடு, நடமாடும் வீடு, பள்ளி, கிடங்கு, மின்கோபுரம், மரம் என்று. ஒவ்வொன்றுக்கும் சேதப் படிகள் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் எதிர்பார்க்கும் வேகம், கீழெல்லை, மேலெல்லை என மூன்று எண்கள். ஒப்பிடும்போது பெரும்பாலோர் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு வேலை இருப்பது மற்ற இரண்டில்.

வீடு: மூன்று எண்களும் சேர்ந்து

ஓரிரு குடும்பம் வாழும் சாதாரண வீட்டுக்கு 10 படிகள். மேல்படிகளை மட்டும் பார்ப்போம். கீழ்த்தளத்தின் பெரும்பாலான சுவர்கள் விழுந்து, உள்ளே இருக்கும் சின்ன அறைகள் மட்டும் நின்றால் அது 8-ஆம் படி: எதிர்பார்ப்பு 245 கி.மீ., எல்லைகள் 204–286. எல்லாச் சுவரும் விழுந்தால் 9-ஆம் படி: 274 கி.மீ., எல்லைகள் 229–319. நன்றாகக் கட்டிய வீடு சிதைந்து தளம் துடைத்தெடுத்தாற்போல் ஆனால் 10-ஆம் படி: 322 கி.மீ., எல்லைகள் 266–354.

10-ஆம் படியை மறுபடி பாருங்கள். அதன் எதிர்பார்ப்பு வேகம் ஈஎஃப்-4-ன் உச்சியில் நிற்கிறது. வழக்கமான கட்டுமானத்தை விட உறுதியாகக் கட்டிய வீடு துடைக்கப்பட்டால்தான் ஈஎஃப்-5 என்று எழுத முடியும். கட்டுமானம் மட்டமானால் அதே வெறுந்தளம் கீழெல்லைக்கு, ஈஎஃப்-3-ன் விளிம்புக்கு, இறங்கிவிடும். ஆகவே முதல் கேள்வி: வீடு தளத்தோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருந்தது?

படத்தில் தளத்தின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். வீட்டைத் தளத்தோடு பூட்டும் ஆங்கர் போல்ட்டுகள் கான்கிரீட்டிலிருந்து துருத்திக்கொண்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் பொதுவான வீட்டுக் கட்டட விதிப்படி போல்ட் அரை அங்குலத் தடிமன் இருக்க வேண்டும். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே 1.8 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கான்கிரீட்டுக்குள் குறைந்தது 18 செ.மீ. இறங்கியிருக்க வேண்டும்; நட்டும் வாஷரும் பூட்டியிருக்க வேண்டும். இதை மூன்றாகப் பிரித்துப் படிக்கலாம்.

போல்ட்டே இல்லாமல் ஆணித் துளைகள் மட்டும் தெரிந்தால், அடிச்சட்டத்தை (சுவரின் அடியில், தளத்தின் மேல் படுத்திருக்கும் மரச்சட்டத்தை) ஆணியடித்தே நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வீடு சரிந்து விலக ஈஎஃப்-2, ஈஎஃப்-3 காற்று போதும். அதன் வெறுந்தளத்தை உச்ச வலுவுக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

போல்ட் நேராக நிற்கிறது, நட்டு இல்லை, அடிச்சட்டமும் இல்லை என்றால் நட்டு ஆரம்பத்திலேயே பூட்டப்படாமல் இருந்திருக்கலாம். திருகு வரிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். நட்டைக் காற்று பிய்த்திருந்தால் வரி நசுங்கியிருக்கும் அல்லது போல்ட் வளைந்திருக்கும். வரி புதிதுபோல் இருந்தால் சட்டம் சும்மா மேலே உட்கார்ந்திருந்தது என்று பொருள்.

அடிச்சட்டம் போல்ட்டோடு தளத்திலேயே இருக்கிறது, அதன் மேலிருந்த சுவர் மட்டும் காணோம் என்பது அடிக்கடி வரும் காட்சி. இங்கே பிடி விட்டது போல்ட் அல்ல. அடிச்சட்டத்தின் வழியே செங்குத்துச் சட்டங்களுக்குள் நேராக அடித்த ஆணி சுலபமாக உருவிக்கொண்டு வந்துவிட்டது. கீழே எவ்வளவு நல்ல போல்ட் இருந்தாலும் சங்கிலியின் மேல் கண்ணி அறுந்தால் வீடு போய்விடும். கூரைக்கும் சுவருக்கும், சுவருக்கும் சட்டத்துக்கும், சட்டத்துக்கும் தளத்துக்கும் உலோகப் பட்டைகளால் தொடர்ச்சியான பிணைப்பு இருந்ததா என்று தேடுங்கள். போல்ட் வளைந்திருந்தாலோ, அடிச்சட்டம் போல்ட்டைச் சுற்றிப் பிளந்திருந்தாலோ, தளமே விரிசல் கண்டிருந்தாலோ கனமான சாட்சி கிடைத்துவிட்டது.

மேரிலாந்தின் லா ப்ளாட்டா டொர்னாடோவுக்கு (2002 ஏப்ரல் 28) முதலில் எஃப்-5 கொடுத்து, வீடுகளின் பிணைப்பைப் பார்த்த பின் எஃப்-4 ஆகக் குறைத்தார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம், பாஸ்கலில், 0.613-ஐ வேகத்தின் (விநாடிக்கு மீட்டர்) இருமடியால் பெருக்கியது. மணிக்கு 218 கி.மீ. காற்றில் அது சுமார் 2,250 பாஸ்கல், 322 கி.மீ.யில் சுமார் 4,900. ஆறு மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள சுவரை முதல் காற்று ஏறக்குறைய 3.3 டன் விசையோடு தள்ளும், இரண்டாவது 7.2 டன்னோடு. சுவரின் வடிவத்தையும் உள்ளழுத்தத்தையும் சேர்க்காத தோராயக் கணக்குதான் இது. ஆனால் ஒரு சாட்சி 7 டன் பிணைப்பு அறுந்ததைக் காட்டுகிறதா, 3 டன் பிணைப்பு அறுந்ததைக் காட்டுகிறதா என்பதில்தான் இரண்டு டொர்னாடோக்களின் ஒப்பீடே இருக்கிறது.

தளத்தை விட்டு விலகிப் பாருங்கள்

அடுத்து, வீட்டைச் சுற்றி சுமார் 10 மீட்டர் தூரம் வரை. வீடு முழுதாகப் போயிருக்க, வாசலில் குட்டையான புதர்ச்செடி இலையோடு நின்றால், வீடு பலவீனமாக இருந்தது என்பதே பொருத்தமான விளக்கம். நேர்மாறாக, புதர் பட்டை உரிந்து குச்சியாகி, புல் வேரோடு போய், மண் சுரண்டப்பட்டு, வேலிக் கம்பங்கள் மண்ணோடு வெட்டினாற்போல் இருந்தால், வெறுந்தளத்தை நம்பலாம். கள ஆய்வாளர்கள் இதைச் சூழல் சாட்சி என்பார்கள். அமெரிக்காவில் ஈஎஃப்-5 கொடுக்கத் தயங்கிய பல இடங்களில் தடையாக இருந்தது இதுதான்: ஒரு கட்டடம் துடைக்கப்பட்டிருக்கும், அதை ஒட்டியவை அந்த அளவு வேகத்தைக் காட்டாது.

மரங்களைப் பயன்படுத்தும்போது ஒரு எல்லை தெரிந்திருக்க வேண்டும். அகன்ற இலை மரம் பட்டை உரிந்து, பெரிய கிளைகளின் அடிக்கட்டைகள் மட்டும் மிஞ்சினால் எதிர்பார்ப்பு 230 கி.மீ.; மேலெல்லை 269. ஊசியிலை மரத்துக்கு 211. அதாவது மரத்தை மட்டும் வைத்து ஈஎஃப்-4-ன் வாசலைத் தாண்ட முடியாது. பட்டையை உரிப்பதில் காற்றைவிட அதில் பறக்கும் மண்ணும் கல்லும் மரத்துண்டும்தான் அதிகம் செய்கின்றன. மணல் பூமியில் ஓடிய டொர்னாடோவின் மரங்களையும் புல்வெளியில் ஓடியதன் மரங்களையும் நேருக்கு நேர் வைத்தால் மணல் பூமிதான் ஜெயிக்கும். மரம் எந்த இனம், எந்தத் தடிமன், பட்டை ஒரு பக்கம் மட்டும் போயிருக்கிறதா, சுற்றிலுமா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் பறந்து வந்தவை அடித்த அடி.

மண் சுரண்டல் பெரிய சாட்சி, ஆனால் வழுக்கும் சாட்சி. மிசிசிப்பியில் ஃபிலடெல்ஃபியா நகரருகே 2011 ஏப்ரல் 27 அன்று ஒரு டொர்னாடோ மேய்ச்சல் நிலத்தைச் சுமார் 60 செ.மீ. ஆழம் தோண்டியது, அதன் ஈஎஃப்-5 மதிப்பீட்டில் அந்தக் குழிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆழத்தை ஒப்பிடும் முன் மண் எவ்வளவு ஈரமாக இருந்தது, உழுத நிலமா வேர்விட்ட புல்தரையா, சரிவா சமதளமா என்று கேளுங்கள். உழுத நிலத்தில் 10 செ.மீ. போவது பெரிய விஷயமில்லை. பழைய புல்தரை உரிந்திருந்தால் பெரிய விஷயம்தான். அளவுகோலின் 28 சுட்டிகளில் மண் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இடிபாடுகள் எப்படிக் கிடக்கின்றன என்பதும் பேசும். வீட்டின் துண்டுகள் தளத்தின் ஒரு பக்கத்தில் குவியலாகக் கிடந்தால் சரிந்து விழுந்த வீடு. பல நூறு மீட்டருக்கு நீளக் கோடுகளாகப் பரவியிருந்தால் வன்மையான காற்று. அடையாளம் தெரியாத சில்லுகளாகப் பொடிந்திருந்தால் இன்னும் ஒரு படி மேலே. ஆனால் அங்கே அடுத்து வரும் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை விநாடி அடித்தது?

இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். பலத்த காற்றின் உட்பகுதி 400 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். டொர்னாடோ மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் ஒரு வீடு அதற்குள் 14 விநாடிதான் இருக்கும். மணிக்கு 15 கி.மீ. என்றால் 96 விநாடி. ஏறக்குறைய ஏழு மடங்கு நேரம். அந்த நேரமெல்லாம் இடிபாடு சுழன்று சுழன்று வீட்டை அறைகிறது, தளர்ந்த ஆணி இன்னும் தளர்கிறது, விழுந்த சுவர் அரைபடுகிறது. காற்றின் உச்சவேகம் ஒன்றாகவே இருந்தாலும் படத்தில் தெரியும் சேதம் ஒன்றாக இருக்காது.

டெக்ஸாஸின் ஜாரல் (1997 மே 27), மிசிசிப்பியின் ஸ்மித்வில் (2011 ஏப்ரல் 27) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜாரலில் ஒரு குடியிருப்பே தடமில்லாமல் போனது. 27 பேர் இறந்தார்கள். சாலையின் தார் உரிந்தது. மண் ஏறக்குறைய 46 செ.மீ. ஆழம் வரை சுரண்டப்பட்டது. படங்களை மட்டும் வைத்தால் ஜாரலுக்கு இணை குறைவு. ஆனால் அது மிக மெதுவாக நகர்ந்தது. அமெரிக்கத் தேசியத் தரநிலைகள், தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறியாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், அங்கிருந்த வீடுகளின் கட்டுமானத்தைக் கணக்கில் எடுத்தால் அந்தச் சேதத்தை எஃப்-3 காற்றாலேயே விளக்க முடியும் என்று வாதிட்டார்கள். ஸ்மித்வில்லிலோ டொர்னாடோ விரைந்து கடந்தது. ஒரு வீட்டுக்கு விநாடிக்கணக்கில்தான் நேரம். அதற்குள் போல்ட்டால் பூட்டிய செங்கல் முகப்பு வீடுகள் துடைக்கப்பட்டன. குழாய்களும் வீட்டுச் சாதனங்களும் கிழிந்தோ காணாமலோ போயின. ஒரு கார் சுமார் 800 மீட்டர் பறந்து போய்த் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் மோதிப் பள்ளம் விட்டது. ஜாரலைக் குறைத்து மதிப்பிடச் சொல்லவில்லை. அது உண்மையிலேயே பயங்கரமானது. ஆனால் உச்சக் காற்றுக்கான சாட்சி எங்கே திடமாக இருக்கிறது என்று கேட்டால், எங்கள் கை ஸ்மித்வில்லைத்தான் காட்டும்.

நகரும் வேகம் இன்னொரு விதத்திலும் புகுகிறது. வட அரைக்கோளத்தில் பெரும்பாலான டொர்னாடோக்கள் இடஞ்சுழியாகச் சுழல்கின்றன. நகரும் திசையைப் பார்த்து நின்றால் வலப்பக்கத்தில் சுழலும் வேகமும் நகரும் வேகமும் கூடுகின்றன, இடப்பக்கத்தில் கழிகின்றன. விரைந்து நகரும் டொர்னாடோவின் வலப்பக்க வீட்டை இன்னொன்றின் இடப்பக்க வீட்டோடு ஒப்பிடாதீர்கள். பெரிய சுழலுக்குள் சின்னச் சுழல்களும் ஓடுவதுண்டு. அதனால்தான் ஒரு வீடு இல்லாமல் போக, சில மீட்டர் தள்ளி இன்னொன்று கூரையோடு நிற்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே வீட்டை வைத்து முடிவெடுத்தால் தவறும். குறைந்தது மூன்று, நான்கு இடங்கள் தேவை.

கனமான பொருட்கள்

கார், லாரி, எண்ணெய்த் தொட்டி, ரயில் பெட்டி: இவற்றைப் பற்றிய செய்தி வந்தால் நான்கு கேள்விகள் போடுங்கள். எடை எவ்வளவு? காலியா, நிறைந்ததா? காற்றில் பறந்ததா, உருண்டதா? எதனோடாவது கட்டப்பட்டிருந்ததா?

பறந்ததா உருண்டதா என்பதைத் தரைதான் சொல்லும். கிளம்பிய இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் நடுவே சில மீட்டருக்கு ஒரு தழும்பு இருந்தால் உருண்டும் துள்ளியும் போயிருக்கிறது. நடுவே தரை சுத்தமாக இருந்து, முடிவில் ஆழமான குழி ஒன்று இருந்தால் பறந்திருக்கிறது. '300 மீட்டர் வீசியெறியப்பட்டது' என்று வரும் செய்தியில் பெரும்பாலும் பாதித் தூரம் உருண்டதாகத்தான் இருக்கும். வட்டமான தொட்டி ஒருமுறை உருளத் தொடங்கினால் குறைந்த காற்றிலும் கிலோமீட்டர் கணக்கில் போகும். தூரத்தை மட்டும் வைத்து வலுவைச் சொல்லாதீர்கள்.

வடக்கு டகோட்டாவின் எண்டர்லின் (2025 ஜூன் 20) இதற்குச் சரியான பாடம். தானியம் நிறைந்த சரக்குப் பெட்டிகள் கவிழ்ந்தன. காலி டேங்கர் பெட்டி ஒன்று சுமார் 145 மீட்டர் எறியப்பட்டது. பெட்டிகளின் எடையும் வடிவமும் துல்லியமாகத் தெரிந்தவை என்பதால் தேவைப்பட்ட காற்றைக் கணக்கிட முடிந்தது. 338 கி.மீ.க்கு மேல் என்று வந்ததால், முதலில் ஈஎஃப்-3 பெற்றது சில மாதங்களில் ஈஎஃப்-5 ஆனது. ஓக்லஹோமாவின் மூர் (2013 மே 20) டொர்னாடோவுக்குப் பின் 12 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த முதல் ஈஎஃப்-5 அது. வீடுகள் சொல்லாததை இரும்பு சொன்னது.

ராடார் எண்ணை எங்கே வைப்பது

ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 2013 மே 31 அன்று வந்த டொர்னாடோ 4.2 கி.மீ. அகலம். நடமாடும் ராடார்கள் மணிக்கு சுமார் 480 கி.மீ. காற்றைப் பதிவு செய்தன. ஆனால் அது ஓடியது பெரும்பாலும் வயல்வெளியில். கிடைத்த சேதம் ஈஎஃப்-3-க்கு மேல் போகவில்லை. அதிகாரபூர்வ மதிப்பீடும் கடைசியில் ஈஎஃப்-3 என்றே முடிந்தது. சேதம் குறைவு என்றால் காற்று குறைவு என்று பொருளில்லை. அளக்க ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆகவே ஒப்பீட்டில் ராடாருக்குத் தனி வரி ஒதுக்குங்கள், ஈஎஃப் வேகத்தோடு கலக்காதீர்கள். ராடார் அளந்தது தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில், எவ்வளவு நேரச் சராசரி என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு டொர்னாடோக்களில் ஒன்றுக்கு மட்டும் ராடார் அளவு இருந்தால், அந்த எண் இல்லாதது பலவீனமானது ஆகிவிடாது. அருகில் ராடார் வண்டி இல்லை, அவ்வளவுதான்.

பக்கத்தில் வைக்கும்போது

ஒவ்வொரு டொர்னாடோவுக்கும் மிக மோசமான மூன்று, நான்கு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவு எழுதினால் போதும்: சேதச் சுட்டியும் படியும், பிணைப்பு எப்படி, 10 மீட்டர் சுற்றில் என்ன, காற்று வந்த பக்கம் இடிபாடு தரக்கூடிய வீடுகள் இருந்தனவா, நகர்ந்த வேகம், மையக்கோட்டுக்கு எந்தப் பக்கம். பிறகு எதிர்பார்ப்பு வேகத்தை ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். ஒரே எண்ணாக முடிக்காமல் வரம்பாக எழுதுங்கள்: '290–340' என்பது நேர்மையான விடை, '317' என்பது இல்லாத துல்லியம். இரண்டு வரம்புகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், அவற்றை வரிசைப்படுத்த முடியாது என்று எழுதிவிடுங்கள். வன்மையான டொர்னாடோக்களில் பெரும்பாலான ஜோடிகள் அப்படித்தான் முடியும்.

இறந்தவர் எண்ணிக்கை, இழப்பின் பண மதிப்பு, பாதையின் நீளம் மூன்றையும் வலுவின் கணக்கில் சேர்க்க வேண்டாம். அமெரிக்காவில் 1925 மார்ச் 18-ன் மும்மாநில டொர்னாடோ 695 உயிர்களைக் கொண்டுபோனது. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டுரியா பகுதியில் சுமார் 1,300 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். எச்சரிக்கை இருந்ததா, வீடுகள் எதனால் கட்டப்பட்டவை, எத்தனை பேர் நெருங்கி வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே அந்த எண்கள் சொல்கின்றன. தகரமும் மண்ணும் கொண்ட வீடுகள் அழிந்த இடத்தில் ஈஎஃப்-2-க்கும் ஈஎஃப்-5-க்கும் வித்தியாசம் காட்ட எதுவும் மிஞ்சாது.

கடைசியாக, படம் எப்போது எடுத்தது என்று பாருங்கள். மீட்புப் பணியில் புல்டோசர் வந்துவிட்டால் மூன்றாம் நாளுக்குள் எந்தத் தளமும் துடைத்தெடுத்தாற்போல்தான் இருக்கும். தளத்தின் மீது சக்கரத் தடமோ, ஓரத்தில் ஒழுங்காகக் குவித்த இடிபாடோ தெரிந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு, முதல் 24 மணி நேரத்தில் வானிலிருந்து எடுத்த படத்தைத் தேடுங்கள்.